நாற்பத்தேழாம் தகரம்

ஏலத்தில் பதினொரு பவுன் கொடுத்து
ரயில்பெட்டி வாங்கிவந்த ஆளுக்கு
எங்கள் அக்காளைக் கட்டிக்கொடுத்திருந்தோம்.
சக்கரம் கழற்றிய மூன்றாம் வகுப்பு.
அடியில் மரத்தடிகளை உருட்டி உருட்டி
பதினாறு மாடு, நாலு நாள்.
உம்கேனி ஆற்றங்கரைக்கு அரை மைல் இருக்கையில்
மழை பிடித்துக்கொண்டது.
இரண்டு ராத்திரி அதற்குள்ளேயே படுத்தோம்.
"டிக்கெட் இல்லாமல் போகிறோம், மச்சான்" என்றார்
இருசப்பப் படையாச்சி.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
தோள் வீங்கியிருந்தது.

பெட்டியை நடுவில் நிறுத்தி
சுற்றிலும் அறை அறையாகக் கட்டினார்:
கரும்பாலை கழித்த தகரம், துறைமுகத்துப் பலகை.
ஒரு மூலையும் மட்டத்துக்கு நிற்காது.
ஆனால் காற்றுக்கு எதுவும் பறந்ததில்லை.
தைலி அக்காள் ஐந்து பிள்ளை பெற்றாள் அங்கே,
'எச்சில் துப்பாதே' என்ற பலகைக்குக் கீழே.

எல்லாரும் கத்திரியும் மிளகாயும் போடும் கரையில்
நெல் போடுகிறேன் என்றார்.
போட்டார்.
கப்பல் குசினிக்காரன் ஒருவனிடம் வாங்கிய விதை.
கதிர் வந்தது, குருவியும் வந்தது.
அறுத்தது மூன்று படி.
பொங்கி, வந்தவர்க்கெல்லாம் ஒரு கைப்பிடி.
இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.
அடுத்த மாதமே
உடைந்த சைக்கிள்களால் இறைவைச் சக்கரம் செய்தார்,
ஒன்பது வருஷம் அது ஓடியது.
அதை ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

வெள்ளம் வந்த வருஷம்
பெட்டி மிதந்து அறுபது அடி நகர்ந்து
சிபியாவின் சோளக்கொல்லையில் போய் நின்றது.
விடிந்ததும் சிபியா கதவைத் தட்டி
"இது எந்த ஸ்டேஷன்?" என்றானாம் ஜூலுவில்.
இழுக்க மாடு இல்லை.
இருவரும் வேலியை மாற்றிப் போட்டுக்கொண்டார்கள்.

பிறகு காகிதம் வந்தது.
எங்களுக்குச் சாட்ஸ்வொர்த், சிபியாவுக்குக் குவாமாஷு,
ஆற்றங்கரை வேறு யாருக்கோ.
தோலைப் பார்த்துத் திசை பிரித்திருந்தார்கள்.
நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன்.
அவர் தார் டப்பா கேட்டார்.
பழைய பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் விரித்து
தகரம் ஒவ்வொன்றிலும், சட்டம் ஒவ்வொன்றிலும்
தமிழில் எண் எழுதினார்,
௧ முதல் ௱௰௨ வரை.
அதிகாரி கேட்டான், "மந்திரமா?"
"ஆமாம்."

லாரி மூன்று நடை.
ரயில்பெட்டிக்கு வழி கிடைக்கவில்லை.
புல்டோசர் முதல் தரம் மோதியபோது அது அசையவில்லை;
அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
இரண்டாம் தரத்துக்கு நிற்கவில்லை.

சாட்ஸ்வொர்த்தில் கவுன்சில் கொடுத்த வீட்டுக்குப் பின்னால்
ராத்திரிகளில் லாந்தர் வைத்துக்கொண்டு
எண் பார்த்து எண் பார்த்து
பழையதை மறுபடி நிமிர்த்தினார்.
சோதனைக்கு வந்தவனிடம் கோழிக்கூடு என்றார்.
ஐந்து அறையும் ஜன்னல் திரையும் உள்ள கோழிக்கூடு.
பெட்டி இருந்த நடுவிடத்தில் மட்டும் கூரையில்லை,
அங்கே பச்சைமிளகாய்ப் பாத்தி.

௪௰௭ கிடைக்கவில்லை.
அந்தச் சதுரத்துக்குத் தார்ப்பாய் கட்டியிருந்தார்.
ஒவ்வொரு மழைக்கும் நான் கேட்பேன்.
"எங்கேயோ ஒரு கூரையில் இருக்கும்" என்பார்,
தெரிந்தே.

போன ஞாயிறு கருமாதி.
சிபியாவின் மகன் இரண்டு பஸ் மாறி வந்தான்,
கோட்டு நனைந்திருந்தது.
"எங்கள் அடுப்படிக்கு மேலே
உங்கள் எழுத்து ஒன்று இருக்கிறது.
பெயிண்ட் அடிக்க அப்பா கடைசிவரை விடவில்லை.
கழற்றிக் கொண்டுவரட்டுமா?"

தார்ப்பாய் சொட்டிக்கொண்டிருந்தது.
அக்காள் அதற்கடியில் வாளியை நகர்த்தி வைத்தாள்.

"அது அங்கேயே கிடக்கட்டும், தம்பி.
நிறைந்தால் நான் மிளகாய்க்கு ஊற்றிக்கொள்வேன்.
நீ முதலில் கோட்டைக் கழற்று,
சாப்பிட உட்கார்."